குழாயைத் திறந்து காட்டுங்கள்

சட்டசபைக்குள் போன் கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டே தன் ஊரான ஆலங்கரிசலின் வறண்ட குழாய்களை வீடியோ எடுத்துப் போட்டு, அதிலேயே எம்.எல்.ஏ. ஆகிவிட்ட தெய்வக்கனிக்குக் கை ஒடிந்த மாதிரி இருந்தது.

"ஆலங்கரிசல்ல வீட்டுக்கு வீடு தண்ணி கொட்டுது," என்றார் குடிநீர் அமைச்சர் குழந்தைவேலு. "இல்லேன்னு உறுப்பினர் இங்கேயே, இப்பவே நிரூபிக்கட்டும். முடியலேன்னா மன்னிப்புக் கேக்கட்டும். போன் இல்லாம ரீல்ஸ் ராணிக்குப் பேச்சு வருமா?"

ஆளுங்கட்சி மேஜையைத் தட்டியது.

தெய்வக்கனி எழுந்து சபாநாயகரைப் பார்த்தாள். "எங்கிட்ட போன் இல்லைங்க ஐயா. ஆனா அமைச்சர் பேசறதை சபை கேமராவிலருந்து எடுத்து அவரோட ஆளுங்களே ஃபேஸ்புக்ல லைவா விடறாங்க, எங்க ஊரே பாக்குது. குழாயைத் திறந்து படம் போடுங்கன்னு அவரே ஒரு வார்த்தை சொல்லட்டும். தண்ணி கொட்டுச்சுன்னா மன்னிப்புக் கேக்குறேன்."

பின்வாங்க வழியில்லாத அமைச்சர் மீசையைத் தடவிக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னார்.

சற்று நேரத்தில் உதவியாளர் வெளியிலிருந்து ஓடிவந்து அவர் காதைக் கடித்தார். லைவுக்குக் கீழே காலிக் குடங்களின் படங்களாக வந்து குவிகின்றனவாம்.

"கமென்ட்டை மூடித் தொலைய்யா," என்று அமைச்சர் சீறியது, அணைக்காத மைக்கில் அவை முழுக்கக் கேட்டது.

"அமைச்சர் பேசியது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது," என்றார் சபாநாயகர் அவசரமாக.

"தாராளமா நீக்குங்க ஐயா," என்றாள் தெய்வக்கனி. "ஊர்க்காரங்க போன்லருந்து நீக்கணும்னா மட்டும், குழாய்ல தண்ணி வரணும்."

அடுத்த வாரமே வந்தது. அதை முதலில் லைவ் போட்டவர் அமைச்சர்தான்.