ரத்தம் கண்டு கொத்தாத கோழி

முன்னொரு காலத்தில், நெடுங்குன்ற ராஜ்யத்தில், ராஜாவுக்கே பயப்படாதவர்கள்கூட ஒருவனுக்குப் பயந்தார்கள். அவன் பெயர் கூகைச்சாமி, பெரிய மந்திரவாதி. அவன் தெருவில் வந்தால் நாய் குரைக்காது, குழந்தை அழாது, காற்று வீசாது. இது பயங்கரமான கதைதான். பயப்படுகிறவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்கிற எனக்கே ஒரு கை வேண்டியிருக்கிறது.

அந்த ராஜ்யத்தின் ஓரத்தில் பவளாயி, சின்னக்கிளி என்று அக்காள் தங்கை இருவர் இருந்தார்கள். தாய் தகப்பன் கிடையாது. புழக்கடை நிறையக் கோழிகள், அதுதான் அவர்களுக்குப் பிழைப்பு. ஒருநாள் காலையில் கூகைச்சாமி வேலியருகே வந்து நின்றான்.

"பூசைக்கு அந்தக் கருஞ்சேவல் வேணும். பிடிச்சுக் குடு."

அக்காள் நடுங்கிக்கொண்டே சேவலைப் பிடிக்க ஓடினாள். தங்கை குறுக்கே வந்து நின்றாள்.

"நாங்க ஆசையா வளர்த்த சேவல். குடுக்க மாட்டோம், போங்க."

கூகைச்சாமி கோபப்படவில்லை, சிரித்தான். சிரித்தபடியே உள்ளங்கையில் இருந்த சாம்பலை ஊதினான். சின்னக்கிளி நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் கோழி நின்றது.

பவளாயி அவன் காலில் விழுந்தாள். "சாமி, அவ அறியாப் புள்ளைங்க. ஏதோ வாய்த்துடுக்குல பேசிட்டா. மறுபடி மனுசியாக்கிக் குடுத்துருங்க."

"ஆவாளே! இந்தக் கூட்டத்துல ஏதாவதொரு கோழி, ரத்தத்தைப் பாத்தும் கொத்தாம நிக்கட்டும். அன்னிக்கே மனுசியாவா. அதுவரைக்கும் அவ உசுரோட இருக்கோணும், அவ்வளவுதான். நான் தொடமாட்டேன் அம்மிணி, நான் தொடமாட்டேன். உன் கோழிங்களே பாத்துக்கும்."

அவன் போனதும் பவளாயி என்ன செய்தாள் தெரியுமா? தங்கைக்குத் திருஷ்டி பட்டுவிட்டது என்று வெள்ளைக் கோழியின் தலையில் குங்குமம் வைத்தாள், காலில் சிவப்புக் கயிறு கட்டினாள். பாவம், வேறு எந்த அக்காளும் அதைத்தான் செய்திருப்பாள்.

அன்றைக்கே ஆரம்பித்தது. அந்தக் கூட்டத்துக்கு ராணி மாதிரி ஒரு பெட்டைக்கோழி உண்டு, பெயர் கொண்டைக்காரி. அது தலையைச் சாய்த்துப் புதுக்கோழியைப் பார்த்தது. டொக்கென்று உச்சியில் ஒரு கொத்து! அது கொத்தியதும் மற்றவையும் கொத்தின. முதலில் இறகு போனது. பிறகு தோல் கிழிந்தது. பிறகு வெள்ளை இறகின்மேல் ரத்தம் வழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் கோழிகளுக்கு வெறியே பிடித்துவிட்டது.

வேலிக்கு வெளியே குரல் கேட்டது. "நான் தொடலை அம்மிணி, நான் தொடலை."

பவளாயி விளக்குமாற்றால் கோழிகளை அடித்தாள். அடிபட்ட ஆத்திரத்தில் அவை இன்னும் மூர்க்கமாகக் கொத்தின. தீனியை அள்ளி அள்ளி ஒரே இடத்தில் கொட்டினாள். கொண்டைக்காரி அதற்குக் காவல் நின்று, கிட்டே வந்த வெள்ளைக் கோழியைத் துரத்தித் துரத்திக் கொத்தியது. திருஷ்டி இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று பவளாயி தினமும் குங்குமத்தைப் பெரிதாக வைத்தாள். கொத்தும் பெரிதானது. தங்கை மூலையில் கண்ணை மூடி ஒடுங்கிக் கிடந்தாள். இன்னும் ஒருநாள் தாங்குவாளா என்பதே சந்தேகமாக இருந்தது.

"நான் தொடலை அம்மிணி, நான் தொடலை."

மறுநாள் காலை குங்குமம் வைத்த கையோடு பவளாயி தீனி போடக் குனிந்தாள். கொண்டைக்காரி ஓடிவந்து அவள் விரலைக் கொத்தியது. வேறு எந்த விரலையும் இல்லை, குங்குமம் ஒட்டியிருந்த விரலை!

பவளாயி அந்த விரலைப் பார்த்தாள். "ஐயோ, சிவப்பையல்லவா கொத்துதுங்க! என் கையாலயே உனக்கு எமனை வெச்சுட்டனே, கண்ணு!" என்று வாய்விட்டு அழுதாள்.

அழுதுகொண்டே குங்குமத்தைத் துடைத்தாள். கயிற்றை அறுத்தாள். சட்டிக்கரியைச் சுரண்டி வேப்பெண்ணெயில் குழைத்து, ரத்தம் தெரியாமல் புண்ணெல்லாம் பூசினாள். மற்ற கோழிகள் பார்க்கும்படி, ஆனால் கொத்த முடியாதபடி, புழக்கடை நடுவிலேயே தங்கையின்மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தாள். தீனியை இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், எட்டத்தில் கொஞ்சம் என்று தூவினாள். கீரைக்கட்டை உயரத்தில் தொங்கவிட்டாள். எம்பி எம்பி அதைக் கொத்தவே கோழிகளுக்குப் பொழுது சரியாக இருந்தது.

புண் ஆறியது. தங்கையை வெளியே விட்டாள், கொண்டைக்காரியைப் பஞ்சாரத்துக்குள் அடைத்தாள். சில நாள் கழித்து அது வெளியே வந்தபோது அதன் ராணிப் பட்டம் போயிருந்தது. ஓரமாக நின்று பேசாமல் மேய்ந்தது. புழக்கடையில் அமைதி வந்தது.

வேலிக்கு வெளியே கூகைச்சாமியின் சிரிப்பு நின்றுபோனது. பல்லைக் கடித்தான். ஒரு கூரான கல்லை எடுத்து வெள்ளைக் கோழியைக் குறிபார்த்து வீசினான். குறி தப்பிக் கல் கொண்டைக்காரியின் மேல் பட்டது. ரத்தம் குபுக்கென்று வந்தது.

எல்லாக் கோழிகளும் திரும்பின. எல்லாக் கோழிகளும் ஓடின. வெள்ளைக் கோழியும் ஓடியது, எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது!

"வேண்டாங் கண்ணு!" என்று அலறினாள் பவளாயி. கோழிக்குள் இன்னும் தங்கை இருக்கிறாளா, இல்லை முழுக் கோழியாகவே ஆகிவிட்டாளா?

வெள்ளைக் கோழி கொண்டைக்காரியின் எதிரில் போய் நின்றது. ரத்தத்தைப் பார்த்தது. கழுத்தை நீட்டியது. அலகைத் திறந்தது. அப்படியே நின்றது.

பிறகு மெதுவாகக் கழுத்தை இழுத்துக்கொண்டு, இறக்கை இரண்டையும் விரித்து, கொண்டைக்காரியின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டது. மற்ற கோழிகள் அதன் முதுகில் கொத்தின, கொத்தின, கொத்திக்கொண்டே இருந்தன. பவளாயி பாய்ந்து விரட்டியபோது அங்கே வெள்ளைக் கோழி இல்லை. சின்னக்கிளி குப்புறப் படுத்திருந்தாள், அவள் மார்புக்கடியில் கொண்டைக்காரி நடுங்கிக்கொண்டிருந்தது.

கூகைச்சாமி அடுத்த பிடி சாம்பலை அள்ளி ஊதினான். அது வெறும் சாம்பலாக அவன் கண்ணிலேயே விழுந்தது. சாபம் முறிந்ததோடு மந்திரமும் போனவனாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினான், அந்த ராஜ்யத்தில் யாரும் அவனை மறுபடி பார்க்கவில்லை.

பவளாயி தங்கையை வாரி எடுத்தாள். "என் தங்கமே! உன்னைக் கொன்னுபோடப் பாத்ததையே காப்பாத்திட்டியே! உன் மனசு யாருக்கு வரும்?"

சின்னக்கிளி அக்காளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாதக்கா. எனக்கும் கொத்தோணும்னுதான் வந்துச்சு."

அக்காள் தங்கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர்கள் நெடுங்காலம் நன்றாக வாழ்ந்தார்கள்.