இளைக்க அவசரப்பட்ட சீடன்

ஆற்றங்கரை மடத்தின் தலைவி வடிவாம்பாளை ஊரே அம்மா என்று கூப்பிட்டது. அம்பலவாணன் ஒருவன்தான் அக்கா என்பான். கூடப் பிறந்த தம்பி. ஆனால் தீட்சை வாங்கியது அந்த அக்காவிடம்தான். ஐம்பது வயது தாண்டிய பிறகும் மடத்துச் சமையல் அவன் பொறுப்பு. தான் சமைத்ததை மற்ற எல்லாரையும்விட நன்றாகச் சாப்பிடுவான். அவன் உடம்பைப் பார்த்தாலே தெரியும்.

அந்த வருஷம் அம்மாவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கையில் ஊசி போட்டு, ரத்தத்தை மிஷினுக்குள் விட்டுச் சுத்தம் செய்வார்கள். உடம்பில் தேங்கிய தண்ணீரையும் எடுத்துவிட்டு அனுப்புவார்கள்.

என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாணன் டாக்டரிடம் சொன்னான். ரத்தம் பொருந்தியது. மற்ற சோதனைகளும் சரியாக வந்தன. டாக்டர் அவன் வயிற்றைப் பார்த்துத்தான் தயங்கினார்.

"பத்துப் பன்னிரண்டு கிலோ குறைக்கணும். இப்படியே ஆபரேஷன் பண்ணினா உங்களுக்கு ஆபத்து. அளவாச் சாப்பிடுங்க, தினம் நடங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

"ஆறு மாசமா? அதுவரைக்கும் அக்கா?"

"டயாலிசிஸ் இருக்கே. தாங்குவாங்க."

"தாங்கலைன்னா?"

டாக்டர் சோதனைச் சீட்டுகளை மடித்து அவன் கையில் கொடுத்தார்.

மடத்துக்குத் திரும்பியதும் வாணன் அடுப்படியில் உட்கார்ந்து, சீக்கிரம் இளைக்க வழி உண்டா என்று போனில் தேடினான். ஒரு வீடியோவில் ஒருவன் தன் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு இடுப்பில் இழுத்துக் காட்டினான். உள்ளே இன்னொரு ஆள் நிற்கலாம் போலிருந்தது. பத்தே நாளில் பத்து கிலோ என்றான். காலையில் எலுமிச்சைச் சாறு, ராத்திரி சீரகத் தண்ணீர், நடுவில் ஒன்றும் கிடையாது.

வாணன் அக்காவிடம் போனான்.

"அக்கா, ஒருத்தர் ஒரு சந்தேகம் கேட்டார்."

"யாரு?"

"மடத்துக்கு வர்றவர்தான்."

"என்னவாம்?"

"பத்து நாள்ல பத்து கிலோ இளைக்க முடியுமா? இளைச்சா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதே?"

அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அவரு குண்டா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா?"

"நல்லாவே குண்டுதான்."

"செவ்வாய்க்கிழமை என்கூட ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு. அங்க வச்சுப் பதில் சொல்றேன்."

"அவரு வெளியூர் போறாரு."

"அப்ப நீ வா. கேட்டுட்டு வந்து அவர்கிட்ட சொல்லு."

"நான்தான் எப்பவும் வர்றேனே!"

"ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரம் வரைக்கும் வர்றே. இந்தத் தடவை உள்ள வா."

குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்க்க வாணனுக்குத் தைரியம் கிடையாது. அக்கா உள்ளே போனால் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொள்வான். அவர் திரும்பி வரும்வரை தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருப்பான்.

"சரிக்கா" என்றான்.

பதில் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும். ஆனால் சனிக்கிழமை விடிந்ததுமே வாணன் பட்டினியைத் தொடங்கிவிட்டான்.

திங்கட்கிழமை காலை, அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றான். மூன்று கிலோ குறைந்திருந்தது. இறங்கி ஏறி இன்னொரு தடவை பார்த்தான். மூன்று கிலோதான். இந்த வேகத்தில் போனால் மாசக் கடைசியில் அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்துவிடும். சந்தோஷத்தில் கண் இருட்டியது. சந்தோஷத்தினால்தான் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் தினமும் இரண்டு பாத்திரத்தில் குழம்பு வைப்பான். பெரியது மடத்துப் பந்திக்கு. சின்னது அக்காவுக்கு, உப்பில்லாமல். உப்பு சேர்ந்தால் அவருக்குத் தாகம் எடுக்கும். தாகத்துக்குக் குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே நிற்கும். நெஞ்சு அடைக்கும். எல்லாம் அவனுக்குத் தெரியும்.

அன்றைக்கு உப்பு டப்பாவைத் திறந்தபோது தலை லேசாகச் சுற்றியது. முதல் கரண்டி சின்னப் பாத்திரத்தில் விழுந்தது. உப்புப் போட்டாயிற்று என்று டப்பாவை மூடிவிட்டான். ருசி பார்க்கவும் இல்லை. நாக்கில் ஒரு சொட்டுப் பட்டால்கூட இத்தனை நாள் பட்டினி இருந்தது வீணாகிவிடும் என்று பயந்தான்.

"என்ன வாணா, குழம்புல உப்பே இல்லை?" என்று பந்தியில் ஒருவர் கேட்டார்.

"உப்பைக் குறைச்சா ஆயுசு கூடும், சாப்பிடுங்க."

"ஆயுசு கூடி என்ன பண்றது, தினம் இதைச் சாப்பிடவா?"

எல்லாரும் சிரித்தார்கள். வாணனும் சிரித்துக்கொண்டே உப்புக் கிண்ணத்தை நடுவில் வைத்தான். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. அக்கா அன்றைக்கு இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வாணனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

சாயங்காலத்திலிருந்து அம்மா தண்ணீர்ச் செம்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். விடியும்போது முகம் வீங்கியிருந்தது. ஆட்டோவில் ஏறி உட்காருவதற்குள் மூச்சு இரைத்தது.

ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டைப் பார்த்துக்கொள்கிற ஜெசிந்தா சிஸ்டர், வார்டு வாசலில் இருந்த எடை மிஷினில் அம்மாவை ஏற்றினாள். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா இது? நாலரை கிலோ ஏறியிருக்கு! மடத்துக் கிணத்துல இன்னும் தண்ணி மிச்சம் இருக்கா?"

"உப்பு சாப்பிட்டேன்."

"உப்பா? உங்களுக்கு யாரு கொடுத்தா?"

அம்மா போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

பின்னால் நின்ற வாணனுக்கு அப்போதுதான் விளங்கியது. பந்தியில் இல்லாத உப்பு எங்கே போயிற்று என்று விளங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நான்தான் போட்டேனா?"

"நீதான் போட்டே. விடாமச் சாப்பிட்டது நான்."

"வாயில வச்சதும் தெரிஞ்சிருக்குமே! துப்ப வேண்டாமா?"

"எத்தனை மாசம் ஆச்சுடா உப்பைப் பார்த்து. ஒரு வாய் சாப்பிடுவோம்னு நினைச்சேன். நான் சந்நியாசம் வாங்கினது இந்த நாக்குக்கு இன்னும் தெரியலை."

சொல்லி முடிப்பதற்குள் இரைப்பு வந்துவிட்டது. ஜெசிந்தா ஊசிகளைப் போட்டு, குழாயை மாட்டி, மிஷினை ஓடவிட்டாள்.

"சிஸ்டர், அந்த நாலரையையும் எடுத்துடுங்க" என்றான் வாணன். "பார்க்க முடியலை."

"இன்னிக்கு மூணுதான் அண்ணே. மீதிக்கு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

"ஏன், மிஷின் எடுக்காதா?"

"மிஷின் எடுக்கும். அவங்க தாங்கணும்ல? மொத்தமா இழுத்தா பி.பி. விழுந்துரும். கால் இழுத்துக்கும். போன மாசம் ஒருத்தரு கெஞ்சுறாரேன்னு கொஞ்சம் கூட்டி வச்சேன். அவரை எழுப்பறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு."

வாணன் தலையாட்டினான். பிறகுதான் குழாயைப் பார்த்தான். அக்காவின் ரத்தம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மிஷின் ஒரே சீராகச் சத்தம் போட்டது. அவன் காதில் அந்தச் சத்தம் தூரத் தூரப் போயிற்று.

கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். கையில் ஊசி, தலைக்குமேல் குளுக்கோஸ் பாட்டில்.

"நல்ல துணைதான் வந்தீங்க" என்றாள் ஜெசிந்தா. "உங்களைத் தூக்க நாலு பேரு வேண்டியிருந்துது. கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

வாணன் அக்கா பக்கம் திரும்பாமல், "வெள்ளிக்கிழமை ராத்திரி" என்றான்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய மிஷின் நிற்கும்வரை வாணன், சிஸ்டர் கொடுத்த தண்ணீரையெல்லாம் குடித்துக்கொண்டு, பாட்டில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

மத்தியானம் அம்மாவை மறுபடி எடை மிஷினில் ஏற்றினார்கள். மூன்று கிலோ குறைந்திருந்தது.

"நீயும் ஏறுடா" என்றார் அம்மா.

வாணன் ஏறினான். போன வாரம் சோதனைக்கு வந்தபோது இதே மிஷினில்தான் அவனை எடை பார்த்திருந்தார்கள். அதைவிட ஒரு கிலோதான் குறைவாகக் காட்டியது.

"மடத்துல மூணு கிலோ குறைஞ்சுதே!"

"மீதி பாட்டில் வழியாவும் சொம்பு வழியாவும் திரும்ப வந்திருச்சு அண்ணே" என்று ஜெசிந்தா சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அக்காவும் தம்பியும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆட்டோ வர நேரமிருந்தது.

"வாணா, நான் எவ்வளவு குறைஞ்சேன்?"

"மூணு கிலோ."

"அதுவும் காலையில வந்து மத்தியானத்துக்குள்ள. உன் ஆளு பத்து நாள் கேட்டாரே, அவரைவிட நான் வேகம் இல்லையா?"

வாணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என் முகத்தைப் பாரு. இளைச்சிருக்கேனா?"

பார்த்தான். உதடு காய்ந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. உடம்பு அதே உடம்புதான்.

"இளைக்கலைக்கா. துவண்டுபோயிருக்கே."

"அப்ப அந்த மூணு கிலோ என்னது?"

"தண்ணி. எல்லாம் தண்ணி."

"வெள்ளிக்கிழமைக்குள்ள?"

"திரும்ப ஏறிடும்."

"உன் ஆளுகிட்ட போய்ச் சொல்லிடு."

"ஆள் யாரும் இல்லக்கா. நான்தான்."

"நல்லாவே குண்டுன்னு நீ சொன்னப்பவே தெரியும்."

வாணனுக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது.

"ஆறு மாசம்னு சொல்றாங்க. இத்தனை நாளா வெளியில உட்கார்ந்திருந்தேன். இன்னிக்குத்தான் பார்த்தேன் உனக்கு என்ன பண்றாங்கன்னு. இதுல உன்னை விட்டுட்டு நான் எப்படி அளவாச் சாப்பிட்டு, காத்தாட நடந்துட்டு வர்றது? அதுக்குள்ள உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

"இப்படிப் பேசாதேக்கா."

"வேற எப்படிப் பேசுறது? எனக்கு மட்டும் பயமில்லையா? ராத்திரி மூச்சு முட்டினப்போ உன்னைத்தான் நினைச்சேன்."

வாணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஊசி போட்ட இடத்தில் கட்டு இருந்தது. அதில் படாமல் விரல்களை மட்டும் பிடித்தான்.

அம்மா மற்றொரு கையால் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தார். டயாலிசிஸ் முடிந்ததும் சாப்பிட வாணன் கட்டிக்கொடுத்த இட்லி. திறந்து அவன் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடு."

"நீ சாப்பிடு. எனக்குத்தான் பாட்டில் ஏத்திட்டாங்களே."

"சாப்பிடுடா."

"இன்னிக்கு ஒரு நாளாவது விட்டுடுக்கா. ஒரு கிலோ உண்மையாவே குறைஞ்சிருக்கு. அது போயிடும். நான்தானே பட்டினி கிடக்கிறேன். என் உடம்பு கஷ்டப்பட்டா படட்டும்."

அம்மா இட்லியைக் கீழே வைத்தார். அவன் முதுகுப் பக்கம், இடுப்புக்கு மேலே, கையை வைத்தார். காய்ச்சல் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி வைத்தார்.

"இங்க உள்ள ரெண்டு இருக்குல்ல?"

"ம்."

"ஒண்ணு உன்னுது. அதைப் பத்தி அப்புறமா உன்கூடச் சண்டை போடுறேன். இன்னொண்ணை எனக்குன்னு கொடுத்துட்டே. என்னோடதை ஏன்டா பட்டினி போடுறே?"

வாணன் வாயைத் திறந்தான்.

அம்மா இட்லியில் ஒரு துண்டைப் பிட்டு அந்த வாய்க்குள் வைத்தார்.