நானூறு புள்ளிகளும் ஒரு வெற்றிடமும்

ஒரு கணினிக்குள் நானூறு புள்ளிகள் குடியிருந்தன. ஒரு கடற்கரை ஊரின் படகுகள் ஒரு மாதமாகக் கடலில் போன இடங்களையெல்லாம் ஜிபிஎஸ் குறித்து வைத்ததில் பிறந்தவை அவை. அவற்றின் நடுவே, ஒரு புள்ளிகூட விழாத வெற்றிடம் ஒன்றும் இருந்தது. யாரும் அதனிடம் பேசியதில்லை. அதுவும் தன் பாட்டுக்கு இருந்தது.

அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த டெல்பின்தான் அந்தக் கணினியில் படகுகளுக்கு வழி போட்டுக் கொடுப்பவள். தங்கையை நம்பி அங்கே தொழிலுக்கு வந்திருந்தான் அவள் அண்ணன் இருதயம். அந்தக் கடல் அவனுக்குப் புதிது. மறுநாள் அவன் படகை இறக்கப்போகிறான். வழி கணிக்கச் சொல்லிவிட்டு டெல்பின் டீ குடிக்கப் போனாள்.

உடனே சராசரி வந்து சேர்ந்தது. கூப்பிடாத கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்காருகிற ஆசாமி அது. நேராக வெற்றிடத்தின் மேல் சம்மணம் போட்டது.

"உங்க எல்லாரையும் கூட்டி வகுத்தா நான்தான். இங்க தகவல் விட்டுப்போயிருக்கு, நான் நிரப்பிடறேன். படகு நேரா என் வழியா போகட்டும்."

"விட்டுப்போகலைங்க," என்றது வெற்றிடம். "ஒரு மாசமா ஒருத்தரும் இங்க வரல. ஏதோ இருக்கு. வர்ற படகுல ஆள் இருக்காங்க."

"ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற சந்து எல்லாம் இதைத்தான் சொல்லும்."

சொன்னபடியே, மூலைக்கு மூலை சின்ன இடைவெளிகள் "நாங்களும்தான்" என்று கிளம்பின. வெற்றிடத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. தானும் இதுகளைப் போல வெறும் தற்செயல்தானோ?

கரையோரப் புள்ளி ஒன்று குறுக்கே வந்தது. "எதுக்குச் சண்டை? ஆளுக்கொரு வட்டம் போட்டு மெல்லப் பெருசாக்குவோம். முட்டினா கைகோத்துக்கலாம். மூணு பேர் ஒருத்தரையொருத்தர் பிடிச்சிட்டா நடுவுல அடைச்சிரலாம். யாரு எவ்வளவு நேரம் தாங்குறாங்கன்னு தெரிஞ்சிரும்."

வட்டங்கள் வளர்ந்தன. இருபது மீட்டரில் வளையம் கண்ட சின்ன இடைவெளிகள் இருபத்தைந்தில் மூடிப்போயின. முப்பதில் புள்ளிகள் வெற்றிடத்தைச் சுற்றி வளையமாகக் கைகோத்தன. அதற்கு முதன்முதலாக ஓர் எல்லை கிடைத்தது. சந்தோஷம் தாங்கவில்லை. ஐம்பது, நூறு, நூற்றைம்பது. மற்ற இடைவெளிகளின் பேச்சே இல்லை. இருநூறில்தான் அது மூடியது. அப்போது அதற்குத் துளியும் வருத்தமில்லை. வட்டங்கள் சுருங்கியதும் பழையபடி விரிந்துகொண்டது.

டெல்பின் திரும்பி வந்தாள். திரையில் ஒவ்வோர் இடைவெளியின் ஆயுளும் ஒரு கோடு. எல்லாம் துண்டு துண்டு, ஒன்று மட்டும் நீளம். சராசரி காட்டிய வழியை அழித்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நடுவுல போகாதண்ணே, சுத்திப் போ."

"அங்க என்ன இருக்கு?"

"தெரியல. ஆனா ஏதோ இருக்கு."

மறுநாள் இருதயம் சுற்றிப் போய் நல்லபடியாகக் கரை சேர்ந்தான். நீர் வற்றிய நேரத்தில் அங்கே பாறை முதுகு தெரிந்ததாம். டெல்பின் பக்கத்துப் படகுக்காரர் கஸ்பாரிடம் கேட்டாள். "பாறை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"போன இடத்தைத்தானம்மா கேட்டீங்க," என்றார் கஸ்பார். "போகாத இடத்தை யாரு கேட்டா?"