வடக்கு மூலையில் கத்திய நடுவர்

கோடையில் வற்றிப்போகும் ஏரிதான் காட்டுக் கல்லூரிகளுக்குக் கால்பந்து மைதானம். அங்கே ஓர் ஆள்காட்டிப் பறவை நடுவராக இருந்தது. யார் நடமாடினாலும் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவை அது. ஒரு கத்து கத்தினால் மலையடிவாரம் வரை கேட்கும். விசில் வாங்கும் செலவு மிச்சம் என்றுதான் பி.டி. மாஸ்டர் முள்ளம்பன்றி அதைத் தேர்ந்தெடுத்தது என்று ஒரு பேச்சும் உண்டு.

ஆள்காட்டிக்கு அந்த வேலை என்றால் உயிர். ஆனால் சில வாரங்களாக அதன்மேல் புகார் வந்துகொண்டே இருந்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணித் தலைவர்களும் நடுவரைப் பற்றி பி.டி. மாஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"நல்லாத்தான் நடத்துறாங்க சார். ஆனா என்னமோ சரியில்ல" என்றே எல்லாத் தலைவர்களும் சொன்னார்கள். அந்த 'என்னமோ' என்ன என்று கேட்டால் தலையைச் சொறிந்தார்கள்.

ஆள்காட்டி சோர்ந்து உட்காரவில்லை. காலையில் முயலோடு ஓடிப் பழகியது. ஆந்தையிடம் விதிகளைக் கேட்டு மனப்பாடம் செய்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆஃப்சைடு என்றால் என்னவென்று ஒப்பிக்கும். அப்படியும் புகார் நிற்கவில்லை.

இறுதி ஆட்டம் வந்தது.

"இன்னைக்கும் புகார் வந்தா அடுத்த வருஷம் கீரிதான் நடுவர்" என்றது முள்ளம்பன்றி. எல்லைக்கோட்டருகே மாற்று நடுவராக உட்கார்ந்திருந்த கீரி, மீசையைத் தடவிக்கொண்டது.

"வராது சார், நீங்களே பாருங்க" என்றது ஆள்காட்டி.

மலையடிக் கல்லூரி அணிக்குக் காட்டுப்பன்றி தலைவன். ஏரிக்கரைக் கல்லூரிக்கு நீர்நாய். முதல் பாதியில் பன்றியின் அணி வடக்குக் கோலை நோக்கி ஆடியது. பந்து நடு மைதானத்தில் இருந்தவரை ஆள்காட்டியின் தீர்ப்பில் ஒரு குறையும் இல்லை. பிறகு பன்றி பந்தை உருட்டிக்கொண்டு வடக்கு மூலைக்குப் பாய்ந்தது. உடனே ஒரு கத்து.

"ஹேண்ட்பால்!"

பன்றி நின்றது. தன் நாலு கால்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"ரெஃப்ரி, எனக்குக் கை எங்க இருக்கு?"

மைதானமே சிரித்தது. ஆள்காட்டிக்கு முகம் சுண்டிப்போனது. சற்று நேரத்தில் பந்து மறுபடி அதே மூலைக்குப் போனது. மறுபடியும் கத்து. இந்த முறை ஆஃப்சைடாம். பன்றிக்கு முன்னால் ஏரிக்கரை அணியில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள்.

இடைவேளையில் பன்றி நேராக நடுவரிடம் வந்தது. சண்டை போடவில்லை.

"மத்த இடத்துல எல்லாம் நீங்க சரியாத்தான் சொல்றீங்க. அந்த வடக்கு மூலைக்கு வந்தா மட்டும் மாறிடுறீங்க. போன ஆட்டத்துலயும் அப்படித்தான். அங்க என்ன இருக்கு?"

ஆள்காட்டி அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தது. பன்றி கேட்ட பிறகுதான் அதற்கே விஷயம் புரிந்தது.

வடக்கு மூலையில், கொடிக்கம்புக்குப் பக்கத்தில், வெறும் தரையில் அதன் முட்டைகள் இருந்தன. கூழாங்கல் நிறம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. யாராவது அந்தப் பக்கம் ஓடிவந்தால் அதன் தொண்டை தானாகக் கத்தியது. கத்தி முடித்த பிறகு, அந்தக் கத்தலுக்குப் பொருத்தமாக ஒரு விதியை அது தேடிப் பிடித்தது. பாடுபட்டு மனப்பாடம் செய்த விதிகள் இத்தனை நாளும் இதற்குத்தான் உதவியிருக்கின்றன.

சொல்வதா, வேண்டாமா? பன்றிக்கு முட்டை என்றால் கொள்ளைப் பிரியம். நீர்நாயும் கிடைத்தால் விடாது. கீரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் மறைத்தால் இரண்டாம் பாதியிலும் தொண்டை கத்தத்தான் போகிறது. அப்புறம் நடுவர் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

ஆள்காட்டி நிமிர்ந்து நின்றது. எல்லோரையும் அருகில் அழைத்தது.

"அந்த மூலையில என் முட்டைங்க இருக்கு. அந்தப் பயத்துலதான் தப்புத் தப்பாச் சொல்லிட்டேன். ஹேண்ட்பாலும் தப்பு, ஆஃப்சைடும் தப்பு. இப்ப உங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனிமே நான் பந்தை மட்டும்தான் பார்ப்பேன்."

கீரி உதட்டை நக்கிக்கொண்டது.

பன்றி கீரியை முறைத்தது. "அந்த முட்டைக்கு ஏதாவது ஆச்சுன்னா இவங்க மறுபடி கத்த ஆரம்பிச்சிடுவாங்க. யாரும் கிட்ட போகக் கூடாது, சொல்லிட்டேன்."

"ஆமா, இப்ப வடக்குப் பக்கம் அடிக்கப் போறது நாங்க" என்றது நீர்நாய். "எங்களுக்குக் கோல் வேணும்."

முள்ளம்பன்றி வடக்கு மூலைக்குப் போனது. உடம்பை ஒருமுறை சிலிர்த்தது. உதிர்ந்த முட்களைப் பொறுக்கி, முட்டைகளைச் சுற்றி வேலியாக நட்டது.

"மனசு அங்கேயே கிடக்கும்னா இப்பவே விலகிக்கலாம்" என்றது திரும்பி வந்து.

"விலகமாட்டேன் சார். இன்னைக்குத்தான் ஒழுங்கா நடத்தப் போறேன்."

இரண்டாம் பாதியில் வெகுநேரம் கோலே விழவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் நீர்நாய் பந்தோடு வடக்கு மூலைக்கு விரைந்தது. துரத்தி வந்த பன்றி அதன் விலாவில் ஒரு முட்டு முட்டியது. சந்தேகமே இல்லாத ஃபவுல். பக்கத்திலேயே முள்வேலி. ஆள்காட்டிக்குக் கத்து தொண்டை வரை வந்துவிட்டது.

அது வேலியைப் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்தது. நீர்நாய் தள்ளாடியது, ஆனால் விழவில்லை. பந்தும் அதன் காலை விட்டுப் போகவில்லை. இப்போது ஆட்டத்தை நிறுத்தினால் அடிபட்டவனுக்குத்தான் நஷ்டம்! ஆள்காட்டி கத்தலை விழுங்கிக்கொண்டது. இரண்டு சிறகையும் விரித்து, தொடர்ந்து ஆடச் சொல்லிக் காட்டியது. நீர்நாய் உள்ளே வெட்டித் திரும்பி ஓங்கி அடித்தது. பந்து வலைக்குள் போய் விழுந்தது.

ஏரிக்கரைக் கல்லூரி ஜெயித்தது. எல்லோரும் நீர்நாயைத் தூக்கிக்கொண்டு ஆட, ஆள்காட்டி அப்போதுதான் வேலியிடம் ஓடியது. முட்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

தோற்றுப்போன பன்றி பி.டி. மாஸ்டரிடம் போனது. இப்போது புகார் நிச்சயம் என்று கீரி காதைத் தீட்டிக்கொண்டது.

"முட்டினது நான்தான் சார். அப்பவே கத்தி நிறுத்தியிருந்தா நாங்க தப்பிச்சிருப்போம். அவங்க கத்தல. அடுத்த வருஷமும் இவங்களையே போடுங்க."

"தோத்துட்டு வந்து இதைச் சொல்றியே" என்றது முள்ளம்பன்றி.

"தோத்தது எங்களாலதான் சார். நடுவரால இல்ல."

தனக்கு எங்கே வலிக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தீர்ப்புச் சொல்பவரைத் தோற்றவர்களும் நம்புவார்கள்.