நந்தியாவட்டைத் தொட்டி

“பூ சாமிக்கு, கடி மட்டும் எனக்கா?”

அம்மா காதில் வாங்காதது போல இருக்கவே, கோமளவல்லி இன்னும் உரக்கச் சொன்னாள். “பூ சாமிக்கு, கடி மட்டும் எனக்கா?”

அம்மாதான் அந்தச் சிறிய மடத்தின் குரு. கோமளவல்லியைவிட வயதில் சின்னவர். கோமளவல்லி தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றுச் சிஷ்யையாக வந்தவள். அதட்டல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“மஞ்சள்தூள் போட்டாச்சு, வேப்பெண்ணெய் ஊத்தியாச்சு. எறும்பு அசையலை. செடிதான் பழுத்துப் போச்சு. இன்னிக்கு இந்தப் பொடியைப் போடப்போறேன். வேண்டாம்னு சொல்லாதீங்க.” கையில் எறும்பு மருந்து டப்பா.

“சொல்லலையே. வாளி நிறையத் தண்ணி கொண்டாங்க.”

அம்மா நந்தியாவட்டைத் தொட்டியைத் தூக்கி வாளிக்குள் இறக்கினார். ஒரு நீளக் குச்சியைத் தொட்டி மண்ணிலிருந்து மதில்மேல் சாய்த்து வைத்தார்.

“இதென்ன, துரைமாருக்குப் பாலமா?”

அம்மா சிரித்துக்கொண்டே தொட்டியை இன்னும் ஆழ அழுத்தினார்.

அடியிலிருந்து ஈரம் ஏறி மண் கறுத்தது. முதலில் ஒன்று வந்தது. பிறகு மண்ணே எழுந்து நடப்பது போல வந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் நொய்யரிசி போல வெள்ளையாக ஏதோ ஒன்று.

“சர்க்கரையா அது?”

“பிள்ளைங்க.”

கோமளவல்லி குனிந்தாள். ஒன்றுகூடக் கையை வீசிக்கொண்டு வரவில்லை. மதிலேறிச் சுமையை இறக்கிய சில, தண்ணீர் ஏறும் தொட்டிக்கே திரும்பி ஓடின. டப்பாவை எப்போது கீழே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெகுநேரம் கழித்துத் தணிந்த குரலில் கேட்டாள். “இத்தனை பேர் இங்க எதுக்கும்மா வந்தாங்க?”

“அபிஷேகம் பண்ணின பஞ்சாமிர்தத் தண்ணியைத் தினமும் எங்க ஊத்துறீங்க?”

“கால் படக் கூடாதேன்னு இந்தத் தொட்டி...” நிறுத்திக்கொண்டாள்.

“பிரசாதம்னுதானே ஊத்தினீங்க. அவங்களும் அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்க.”

மறுநாள் அபிஷேகம் முடிந்தது. கோமளவல்லி செம்பை ஏந்தியபடி நின்றாள். தொட்டியில் ஒரு எறும்பும் இல்லை. மதில் விரிசலில் அவை போவதும் வருவதுமாக இருந்தன.

“அம்மா, இதை எங்க ஊத்தட்டும்? சொல்லுங்களேன்.”

அம்மா பூப் பறித்துக்கொண்டே இருந்தார்.