மூன்று அரசர்களும் ஒரு முதலும்

பெரிய ஆறு ஒன்று வளைந்தோடும் ஆப்பிரிக்க நிலத்தில் கொம்பாரா என்றொரு நாடு. அதன் அரசர் செகுபாவுக்குத் தன் பல்கலைக்கழகம் என்றால் உயிர். தன் பெயர் என்றால் அதைவிட உயிர். அவருடைய கடிதங்களையெல்லாம் எழுதுபவள் நியெலே. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வாய் கொஞ்சம் நீளம்.

அந்த ஆண்டு சோளத்துக்குக் கரிப்பூட்டை நோய் வந்தது. கதிரைத் தொட்டால் மணி இல்லை, கையெல்லாம் கரி. நியெலேயின் அண்ணன் வயலும் தப்பவில்லை.

கொம்பாராவின் பேராசிரியர்கள் நோயைப் படித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு புரிந்தது. பாலைவன நாடான அஸ்ரித்தின் பல்கலைக்கழகத்தில் பழைய மருந்து ஏடுகள் இருந்தன. கடலோர அன்கோபாவின் பல்கலைக்கழகத்தில் இலைச்சாறு காய்ச்சி வடிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மூன்று இடத்துப் பேராசிரியர்களும் கடிதம் போட்டுப் பேசி, "சேர்ந்து உட்கார்ந்தால் பத்தே நாளில் விதைக்கு மருந்து தயார்" என்று துள்ளினார்கள்.

ஒப்பந்தத்தில் முத்திரை வைக்க அஸ்ரித் அரசி தாசினா தன் பேராசிரியர்களோடும் ஏடுகளோடும் ஒட்டகத்தில் வந்தார். அன்கோபா அரசர் குவாபெனா தன் ஆட்களோடு படகில் வந்தார். விதைப்புக்கு இருந்தது பன்னிரண்டு நாள்தான். விருந்து அமர்க்களமாக நடந்தது. விருந்து முடிந்ததும் வம்பு தொடங்கியது.

"ஒப்பந்தத்தில் என் பெயர்தான் முதலில்" என்றார் செகுபா. "நோய் என் நாட்டு நோய்!"

"ஏடு என் ஏடு. என் பெயர்தான் முதலில்" என்றார் தாசினா.

"காய்ச்சுவது யார்? என் ஆட்கள்!" என்றார் குவாபெனா.

ஒரு நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. பேராசிரியர்கள் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆராய்ச்சிக்குச் செலவு ஆகுமே என்று அமைச்சர் பக்காரிக்கு முதல் நாளிலிருந்தே வயிற்றெரிச்சல். அவர் அரசர் காதில் ஓதினார். "நியெலே கெட்டிக்காரி என்கிறார்களே, அவளிடம் விடுங்கள் அரசே. முடியாவிட்டால் எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிடலாம்."

அரசர் நியெலேயைக் கூப்பிட்டார். "நாளைக் காலைக்குள் மூவரும் சம்மதிக்க வேண்டும். ஆனால் என் பெயர் முதலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தமும் இல்லை, உனக்கு வேலையும் இல்லை."

நியெலேக்கு அண்ணன் கையில் ஒட்டியிருந்த கரி நினைவுக்கு வந்தது. பிறகு மெல்லச் சிரித்தாள்.

"அப்படியே செய்கிறேன் மன்னா. உங்கள் விருப்பத்தை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

செகுபா மார்பை நிமிர்த்தினார். "எழுது! இந்த ஆராய்ச்சிக்கு முதல் என்னுடையதே! அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்!"

எழுதினாள். முத்திரை வாங்கினாள். நேரே தாசினாவிடம் போனாள். "கொம்பாரா அரசர் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார் அம்மா" என்று காட்டினாள்.

"அவரென்ன பெரிய ஆளா? நானும் அதையே எழுதித் தருகிறேன்!"

இரண்டு தாள்களையும் குவாபெனாவிடம் காட்டினாள். அவர் பாதிதான் படித்தார். "எனக்கும் அதையே எழுது!" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

மறுநாள் சபை நிரம்பியிருந்தது. நியெலே மூன்று தாள்களையும் விரித்தாள்.

"பெருமக்களே, வாய்விட்டு அழலாம் போலிருக்கிறது, அவ்வளவு மகிழ்ச்சி! இப்படி வள்ளல்களை நான் பார்த்ததே இல்லை. ஆராய்ச்சிக்கு முதல் யார் போடுவது என்று கவலைப்பட்டோம். மூன்று அரசர்களும் போட்டி போட்டுக்கொண்டு, 'முதல் என்னுடையதே, யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்' என்று முத்திரையே வைத்துவிட்டார்கள்!"

சபையின் கைதட்டல் கூரையைப் பிளந்தது. வாசலில் நின்ற பேராசிரியர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

செகுபா எழுந்தார். "அடியே! நான் சொன்ன முதல் அந்த முதல் இல்லை!"

"மன்னா, சொல் உங்களுடையது. முத்திரையும் உங்களுடையது. எழுத்து மட்டும்தான் என்னுடையது."

தாசினா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏமாந்துவிட்டோம் அரசே. சரி, நூறு ஒட்டகம் தருகிறேன், ஏடுகளும் உண்டு." குவாபெனா, "என் பங்குக்குச் செப்புக் கொப்பரைகளும் படகுகளும்" என்றார். எல்லோரும் செகுபாவைப் பார்த்தார்கள். வேறு வழி? "நிலமும் விதையும் நான். அறிஞர்கள் தங்க வீடும் நான்" என்றார் அவர். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியானால் பெயர் வரிசை?" என்று பக்காரி துள்ளி எழுந்தார்.

"உள்ளே உழைக்கிற அறிஞர்களின் பெயர்கள் இருக்கும் ஐயா" என்றாள் நியெலே. "மேலே தலைப்பில், 'மூன்று நாட்டு முதலாளிகள்' என்று ஒரே சொல்லில் மூவரும் இருப்பார்கள். ஒரே சொல்லுக்குள் யார் முன்னால், யார் பின்னால்?"

மூன்று அரசர்களும் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள். இனித்தது. மூன்று முத்திரைகளும் விழுந்தன.

பக்காரி விடவில்லை. "முதல் போட்டவர் முதலாளி, சரி. ஒரு செப்புக்காசுகூடப் போடாமல், எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்கிறவரை என்னவென்று எழுதுவாய்?"

நியெலே பேனாவை மையில் தோய்த்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதலை என்று எழுதுவேன் ஐயா!"

செகுபா சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட முடியாமல், மூன்று பல்கலைக்கழகங்களின் கூட்டுக்கும் நியெலேதான் இனிச் செயலர் என்று அறிவித்தார். ஒன்பதாம் நாளே மருந்து தயாரானது. அதில் நனைத்த முதல் கூடை விதையை அவளே அண்ணன் வீட்டுக்குத் தலையில் சுமந்துகொண்டு ஓடினாள்.