இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவில்

கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த தேவசகாயம் வேலையை விட்டுவிட்டு, தூத்துக்குடியில் ஒரு நெட்வொர்க் ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே ஆசிரியை ஷமீமா. அவரைவிட வயதில் நன்றாக இளையவர்.

படகுகளின் ஆபத்து அழைப்புகளைக் கரைக்குக் கடத்தும் கருவி ஒன்று அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. அழைப்பைத் துண்டு துண்டாகச் சுமந்து வருகிற ஒவ்வொரு தகவல் பாக்கெட்டும் எந்த வழியில் போக வேண்டும் என்று முகவரிகளுக்குள் தேடிச் சொல்லும் பகுதி தேவசகாயத்தின் பொறுப்பு. முகவரிகளைக் கிளை கிளையாகப் பிரியும் மரம்போல அடுக்கினார். கிளைக்குக் கிளை தாவினால் ஏழே தாவலில் விடை. காகிதத்தில் பார்க்க அத்தனை அழகு.

சோதனையில் பாக்கெட்டுகள் கொத்துக் கொத்தாகத் தவறின. தவறிய ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கூப்பிட்ட குரலாக இருக்கலாம். 

"மேடம், ஏழு தாவல்தானே? இதுக்கு மேல எப்படிக் குறைக்கிறது?"

ஷமீமா எழுந்து வந்து, அவருக்கு எதிரே இரண்டு எட்டு தள்ளி நின்றார்.

"ஒரு பாக்கெட் வந்துடுச்சு சார். அடுத்தது வர்றதுக்குள்ள இதுக்கு வழி சொல்லியாகணும். அந்த நேரத்துல வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்?"

"தெரியலையே."

"என்கிட்ட இருந்து உங்ககிட்ட."

தேவசகாயம் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"உங்க மரத்தோட கிளையெல்லாம் ப்ராசஸருக்கு வெளியில இருக்கிற மெமரியில இருக்கு. ஒரு தாவல் தாவி அதை எடுத்துட்டு வர்றதுக்குள்ள வெளிச்சம் எங்க போயிருக்கும்?"

பதிலுக்குக் காத்திராமல் ஷமீமா வெளியே நடந்தார். தேவசகாயம் பின்னாலேயே போனார். வராந்தா, படிகள், சைக்கிள் ஸ்டாண்ட் எல்லாம் தாண்டி, கேட் பக்கத்து வாகை மரத்தடியில் ஷமீமா நின்று திரும்பினார்.

"இது வரைக்கும்."

"ஒரு தாவலுக்கா?"

"ஒரே ஒரு தாவலுக்கு."

தேவசகாயம் ஆய்வகத்தைத் திரும்பிப் பார்த்தார். கல்லூரிக் கணக்குகளில் இத்தனை வருஷமாகத் தாவல்களை மட்டுமே எண்ணியிருக்கிறார். போய்ச் சேர வேண்டிய இடம் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. 

அந்த வாரமே மரத்தைக் கலைத்தார். முகவரிகளைச் சுருக்கி, நெருக்கி அடுக்கினார். ஒன்றை எடுக்கப் போனால் அக்கம்பக்கத்தில் இருந்ததும் சேர்ந்தே வந்தது. அடிக்கடி தேவைப்படுபவை ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கேஷ் மெமரியில் தங்கின. தேடுவது முன்னைவிட அதிகம்தான். ஆனால் வெளியே போய்வருவது அரிதானதால் ஒரு பாக்கெட்கூடத் தவறவில்லை.

தேவசகாயம் நகத்தளவு இருந்த அந்த ப்ராசஸர் சில்லைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"இவ்வளவு முகவரியும் இதுக்குள்ள எப்படி மேடம் அடங்குது?"

"எல்லாம் அடங்கலை சார். இப்ப வந்தவங்க மறுபடி வருவாங்கன்னு அவங்களுக்கு மட்டும் இடம் விட்டு வச்சிருக்கு."